பதினைந்தாம் தேதிப் பிள்ளை

என் வயதுக்காரர்களைப் பற்றி யாராவது மேடையில் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். சுதந்திரத்தோடு பிறந்த தலைமுறை, அடிமை வாழ்வு அறியாத தலைமுறை, கொடுத்துவைத்த தலைமுறை என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பேச்சு. மற்றவர்களுக்காவது அது கூட்டத்தோடு கூட்டமாக வந்த பெயர். எனக்கு மட்டும் தனியாகக் கூப்பிட்டு ஒட்டிவிட்டார்கள். தென்காசியில் நான் படித்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் என் சொந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சுதந்திரப் பிள்ளை என்றால்தான் தெரியும்.

ஆறு வயதில் ஆரம்பித்தது இது. பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியையை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். கதர்ப் புடவை, தடித்த கண்ணாடி, கையில் எப்போதும் ஒரு கைக்குட்டை. சுதந்திர தின விழாவுக்கு முந்தின வாரம் அவர் வகுப்பு வகுப்பாக வந்து, நாடு விடுதலையான அன்றைக்கே பிறந்த பிள்ளை யாராவது உண்டா என்று கேட்டார். எங்கள் வகுப்பு டீச்சர் என்னைத் தோளைப் பிடித்து எழுப்பி நிறுத்திவிட்டாள். அன்றிலிருந்து பள்ளிப் படிப்பு முடிகிற வரைக்கும் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் என் இடம் நிரந்தரம். கயிற்றை இழுப்பது யாரோ ஒரு பெரிய மனிதர். கொடிக்குள் மடித்து வைத்த பூவெல்லாம் என் தலையில் விழும். ஜெயிலுக்குப் போய்வந்த தியாகி ஒருவர் ஒவ்வொரு வருஷமும் பேச வருவார். என்னைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிடும். இந்தக் குழந்தைக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது, இது புதிய தலைமுறை என்பார். நான் அப்போது ஒன்றுக்குப் போகவேண்டும் என்று கேட்கப் பயந்து காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நிற்பேன்.

விழா முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே அத்தை நிற்பாள். அப்பாவுக்கு அக்கா. சின்ன வயதிலேயே கணவனை இழந்து எங்கள் வீட்டோடு வந்து சேர்ந்தவள். என் தலையில் ஒட்டியிருக்கிற பூவைத் தட்டிவிட்டு, சட்டையில் குத்தியிருக்கிற காகிதக் கொடியைக் கழற்றி வாங்கிக்கொண்டுதான் என்னை உள்ளே விடுவாள். அப்பா கண்ணில் அது பட்டுவிடக் கூடாது. அப்பா அன்றைக்குப் பெரும்பாலும் வீட்டில் இருக்கவும் மாட்டார். சுந்தரபாண்டியபுரத்தில் எங்களுக்கு வயல் இருந்தது. விடிந்ததும் வில்வண்டியைக் கட்டிக்கொண்டு அங்கே போய்விடுவார். என்னைப் பெற்ற கையோடு அம்மா போய்விட்டாள். ஊர் முழுக்க மிட்டாய் தின்றுகொண்டிருந்தபோது எங்கள் வீட்டுக்குப் பச்சை மூங்கில் வந்து இறங்கியது என்று அத்தை சொல்வாள்.

ஆக ஊருக்கு நான் சுதந்திரப் பிள்ளை. வீட்டுக்குப் பெற்றவளை முழுங்கிவிட்டு வந்தவள். அத்தை இதைத் திட்டுவதற்காகச் சொல்வதில்லை. பால் பொங்கி வழிந்தாலோ, நான் கண்ணாடி டம்ளரை உடைத்தாலோ ஒரு பெருமூச்சோடு, ஒரு விவரம் சொல்கிற மாதிரிச் சொல்வாள். எனக்கு இரண்டு பெயருமே பொருந்தவில்லை. அளவு தப்பிய சட்டை மாதிரி ஒன்று தோளுக்குக் கீழே தொங்கியது, இன்னொன்று கழுத்தைப் பிடித்தது. அந்த வயதில் என்னால் சொல்ல முடிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

நான் பிறந்த கதையை அத்தையிடம் கேட்டால் அவள் ஒரே மாதிரிதான் தொடங்குவாள். கடைசி ஆடி வெள்ளி. ஊரெல்லாம் கொடி. ரேடியோ வைத்திருந்த வீட்டு வாசலில் கூட்டமான கூட்டம். மருத்துவச்சியைக் கூட்டிவரப் போன ஆள், வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில் நின்றுவிட்டான். மொட்டைக் கோபுரத்துப் பக்கம் அவனைத் தேடிக்கொண்டு இன்னொரு ஆள் போனான். வெள்ளிக்கிழமை ராத்திரி, விடிஞ்சா சனி, நீ பிறந்தே என்று முடிப்பாள். வெள்ளிக்கிழமை என்றால் ஆகஸ்டு பதினைந்து. பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்க்கும்போதும் வெள்ளிக்கிழமை என்றுதான் சொல்லியிருக்கிறாள். அவர்களும் கிழமைக்குரிய தேதியைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். அதில் சந்தேகப்பட யாருக்கும் ஒன்றும் இருக்கவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அம்மா என்று யாரையாவது கூப்பிடவேண்டும். வீட்டில் அம்மாவின் போட்டோ கிடையாது, எடுக்கவே இல்லை. அப்பா அவளைப் பற்றிப் பேசமாட்டார். கூடப் படித்த பிள்ளைகளின் வீட்டுக்குப் போனால் நான் விளையாட்டில் புத்தி வைக்கமாட்டேன். அவர்கள் தங்கள் அம்மாவை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். "எம்மா, சும்மா இரியேன்" என்று ஒருத்தி சலித்துக்கொள்வாள். அந்தச் சலிப்பின் மேல்தான் எனக்குப் பொறாமை. பாசத்தை யார் வேண்டுமானாலும் காட்டலாம். இப்படிச் சலித்துக்கொள்ளப் பெற்றவள் வேண்டும்.

கொடுத்துவைத்த தலைமுறையின் கதையைக் கேளுங்கள். வயதுக்கு வந்த பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போக ஒரு ஆள் துணை, வர ஒரு ஆள் துணை. எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும் அந்தத் துணைக்கும் வேலை இல்லாமல் போயிற்று. பெரிய டீச்சர் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். டீச்சர் டிரெயினிங்குக்கு என்னை அனுப்பும்படி அப்பாவிடம் கேட்டார். சுதந்திரம் வந்த அன்றைக்குப் பிறந்த பெண் வீட்டுக்குள் உட்காரலாமா என்றும் கேட்டார். அப்பா மரியாதையாக அவருக்குக் காபி கொடுக்கச் சொன்னார். காபி குடித்து முடித்ததும், வெயில் ஏறுமுன் வீடு போய்ச் சேருங்கள் என்றார். அதுதான் பதில். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தேன்.

மறுவருஷம் ஐப்பசியிலோ கார்த்திகையிலோ சோசியர் வந்தார். அம்மா போன துக்கத்தில் எனக்கு ஜாதகமே எழுதாமல் விட்டிருந்தார்கள். இப்போது மாப்பிள்ளை பார்க்கவேண்டும், ஜாதகம் வேண்டும். நான் உள் அறையில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. அத்தை வழக்கம்போல வெள்ளிக்கிழமை ராத்திரி, விடிஞ்சா சனி என்றாள். விடிய எவ்வளவு நேரம் இருந்தது என்று சோசியர் கேட்டார். அத்தை தடுமாறினாள். அப்பா பதில் சொன்னார். கோழி கூவியாச்சு, இன்னும் வெளுக்கவில்லை என்றார். அந்த நாளைப் பற்றி அப்பா வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அப்ப இங்கிலீஷ் தேதி பதினாறுல்லா" என்றார் சோசியர்.

நமக்கு நாள் மாறுவது சூரியன் உதித்தால்தான். விடிகிற வரைக்கும் அது முந்தின கிழமைதான். இங்கிலீஷ் கணக்கில் நடுராத்திரியே தேதி மாறிவிடும். அத்தை நம்முடைய கிழமையைச் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் அதற்கு அவர்களுடைய தேதியை எழுதினார்கள். இதை அவர் கடையில் மிச்சக் காசு தவறிப்போன மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார். அவருடைய கவலை வேறு. பதினைந்தாம் தேதி பகல் என்றால் பூசம். பதினாறு விடியற்காலம் என்றால் ஆயில்யம்.

ஆயில்யத்தில் பிறந்த பெண் மருமகளாக வந்தால் மாமியார் தங்கமாட்டாள் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. அந்த நட்சத்திரக்காரிக்குத் தாய் இல்லாத மாப்பிள்ளையாகத் தேடுவார்கள். சோசியரும் அதைத்தான் சொன்னார். மாமியார் இல்லாத வீடாகப் பாருங்கள் என்றார். பிறகு அத்தை பேசினாள்.

"அதுக்கு எங்கன போய்த் தேடுதது? இவ பதினஞ்சாந் தேதிப் பிள்ளைன்னு ஊருக்கே தெரியும். வருசா வருசம் கொடிக்கம்பத்துக்குக் கீழ நிப்பாட்டிக் காட்டிருக்காவ. அதையே எழுதிருங்க அண்ணாச்சி. எவன் வந்து கேக்கப் போறான்?"

அப்பா மறுக்கவில்லை. சோசியர் தொண்டையைச் செருமிக்கொண்டு பூசம் என்று எழுதினார்.

முதலில் எனக்கு வந்தது சிரிப்பு. பத்து வருஷத்துப் பூவும் தப்பான தலையில் விழுந்திருக்கிறது. தியாகி யாரையோ நினைத்து அழுதிருக்கிறார். அந்தப் பெயர் எனக்குப் பொருந்தவில்லை என்று நான் தவித்ததெல்லாம் சரிதான், அது என்னுடையதே இல்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரிக்கலாம் போல இருந்தது. பிறகு ஆயில்யம் என்ற சொல் மெதுவாக உள்ளே இறங்கியது. அந்தச் சுதந்திரப் பெயரை வைத்தே என்னைக் கட்டிக்கொடுக்கப் போகிறார்கள் என்பது அதற்கும் பிறகுதான் புரிந்தது. எழுந்து போய், வேண்டாம், உள்ளதை எழுதுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மாமியார் இல்லாத வீடாகத் தேடியிருப்பார்கள். தாய் இல்லாத வீட்டில் பிறந்து வளர்ந்தவள் இன்னொரு தாய் இல்லாத வீட்டுக்குப் போகவேண்டும். என்னால் முடியாது. நான் வாயை மூடிக்கொண்டு கல் பொறுக்கினேன். அதற்காக இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை.

அறுபத்தைந்து தை மாதம் கல்யாணம். ஊர் ஊராகப் பிள்ளைகள் இந்தியை எதிர்த்துத் தெருவில் இறங்கியிருந்த சமயம். மாப்பிள்ளை வீட்டார் வந்த பஸ்ஸை வழியில் மறித்துவிட்டார்கள். முகூர்த்தம் தப்பிவிடுமோ என்று அப்பா வாசலுக்கும் முற்றத்துக்குமாக நடந்தார். உங்க தலைமுறை துள்ளுகிற துள்ளல் இருக்கே என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் மணையில் உட்காரக் காத்துக்கொண்டு, தலை நிமிராமல், கழுத்தை இறுக்குகிற மாலையோடு இருந்தேன். தெருவில் போன என் வயதுப் பிள்ளைகளின் சத்தத்தைச் சுவருக்கு இந்தப்பக்கம் இருந்து கேட்டதோடு சரி. துள்ளினவர்கள் யாரோ, திட்டு எனக்கு.

குற்றாலத்தில் அருவிக்குப் போகிற ரோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி என் மாமியார் வீடு. என் கணவருக்குத் தென்காசியில் தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை. வீட்டை நடத்தியது மாமியார்தான். சீசன் ஆரம்பித்துச் சாரல் விழுந்துவிட்டால் பின்கட்டு அறைகளை அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவாள். கணவன் போன பிறகு அதை வைத்தே ஒரு மகளை ஆலங்குளத்தில் கட்டிக்கொடுத்து, மகனைப் படிக்க வைத்தவள். பிறந்தது செங்கோட்டை. அது அப்போது மலையாள ராஜ்ஜியத்தோடு இருந்த ஊர், எங்கள் மாநிலத்தோடு சேர்ந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை. அதனால் பேச்சில் மலையாள வாடை அடிக்கும். உங்க சுதந்திரம் எங்களுக்கு எதுக்குட்டி, எங்களுக்குத்தான் தனியா ராசா இருந்தாரே என்று என்னைக் கேலி பண்ணுவாள். ராகுகாலம், அஷ்டமி எதையும் பார்க்கமாட்டாள். குளிக்க வந்தவன் நல்ல நேரம் பாத்துக்கிட்டு நின்னா அருவி அவனுக்காகக் காத்துக்கிட்டா இருக்கும் என்பாள். அதைக் கேட்க எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

போன முதல் வாரம், நான் அத்தை என்று கூப்பிட்டதும் கையால் தடுத்தாள். "உங்க வீட்ல ஒரு அத்தை இருக்காள்லா, அவ போதும். என்னைய அம்மான்னு கூப்பிடு" என்றாள்.

கூப்பிட வரவில்லை. பல நாள் எந்தப் பெயரும் சொல்லாமலே பக்கத்தில் போய் நின்று பேசினேன். கோடை முடிந்து முதல் சாரல் வந்த அன்றைக்கு, கொல்லையில் காய்ந்த விரிப்புகள் நனையப் போகிறது என்ற அவசரத்தில், "அம்மா, மழை, துணி" என்று கத்திவிட்டேன். அடுப்படியிலிருந்து "எடுத்துட்டு வாயேன், கத்துதே" என்று பதில் வந்தது. அவ்வளவுதான். ரொம்ப நாளாக அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிற மாதிரி. நான் விரிப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு கொல்லையில் நின்று அழுதேன். மழை விழுந்து விரிப்பெல்லாம் நனைந்து, அதற்கும் அவளிடம் திட்டு வாங்கினேன்.

அந்த வருஷம் தலை ஆடி. புதுப்பெண்ணை ஆடி மாதம் முழுக்கப் பிறந்த வீட்டில் கொண்டுவந்து வைத்துக்கொள்வது வழக்கம். நானும் போனேன். புருஷனைப் பிரிந்து வாடுகிறாள் என்று அத்தை வந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தாள். நான் வாடியது மாமியாருக்காக. ஆகஸ்டு பதினைந்துக்குப் பெரிய டீச்சர் ஆள் அனுப்பினார். கல்யாணமானவள் கம்பத்தடியில் நிற்பதில்லை என்று அப்பா சொல்லி அனுப்பிவிட்டார். அந்தச் சுதந்திரம் மட்டும் எனக்கு நிஜமாகவே கிடைத்தது.

ஆனால் பெயர் விட்டபாடில்லை. அடுத்த சீசனில் அறைகள் நிரம்பியபோது மாமியாரே அதைப் பரப்ப ஆரம்பித்தாள். எம் மருமக சுதந்திரம் வந்த அன்னைக்குப் பிறந்தவளாக்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னாள். ராஜ்ஜியத்துக்காரிக்கு எங்கள் சுதந்திரத்தின் மேல் திடீரென்று பாசம் வந்துவிட்டது. மதராஸிலிருந்து வந்திருந்த ஒரு பெரிய அதிகாரி என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, உங்கள் தலைமுறை இந்த நாட்டைப் பற்றி என்ன நினைக்கிறது என்று கேட்டார். நான் அவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்துப் பாழாக்கிய விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் நினைக்கவில்லை என்றேன். அடக்கமான பெண் என்று மாமியாரிடம் பாராட்டினாராம்.

அந்த ஆடியில் அமாவாசை மாதக் கடைசியில் வந்தது. நான் பிறந்த வருஷத்தைப் போலவே பதினைந்தாம் தேதிக்கு மறுநாள். அருவியில் முழுகித் தர்ப்பணம் கொடுக்க முந்தின நாளே கூட்டம் வந்து இறங்கிவிட்டது. ஒரு அறை பாக்கியில்லை. அந்த நெருக்கடியிலும் மாமியார் காலையிலேயே வெண்கல உருளியை அடுப்பில் ஏற்றிவிட்டாள். செங்கோட்டைப் பக்கம் நட்சத்திரம் பார்த்துப் பிறந்த நாளுக்குப் பாயசம் வைப்பார்கள். எனக்குப் பூசம், அன்றைக்குப் பூசம். தேதியும் நட்சத்திரமும் ஒன்றாக வந்திருக்கிறது, இனி எத்தனை வருஷம் கழித்தோ என்று பஞ்சாங்கத்தைப் பார்த்து மாதத் தொடக்கத்திலேயே சொல்லி வைத்திருந்தாள். எனக்காக ஒருவர் பாயசம் வைத்தது அதுதான் முதல் தடவை. பத்தொன்பது வயது எனக்கு.

அடைப்பிரதமன். வெல்லமும் தேங்காய்ப்பாலும் மணக்க மணக்க, முதல் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். மீதியை அறை அறையாகக் கொடுத்தனுப்பினாள். சுதந்திரப் பாயசம் என்று சொல்லிக் கொடுக்கச் சொன்னாள். எனக்கு ஒரு வாய் இறங்கியது, அடுத்த வாய் இறங்கவில்லை. இதுவும் அந்தப் பிள்ளைக்குத்தான். கம்பத்தடியில் நின்ற அந்தப் பதினைந்தாம் தேதிப் பிள்ளைக்கு. அவளுக்குப் பூ போட்டார்கள், அவளுக்குக் கல்யாணம் செய்தார்கள், இப்போது என் அம்மாவும் அவளுக்குத்தான் பாயசம் வைக்கிறாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. நான் உண்மையில் யாரோ அந்த ஆளாகவே என்னை ஒருத்தியாவது பார்க்கவேண்டும். ராகுகாலம் பார்க்காதவள்தானே, இவளிடம் சொன்னால் என்ன என்று தோன்றியது.

மத்தியானம் அடுப்படியில் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் இருந்தோம். "அம்மா, நான் பதினஞ்சாந் தேதி பிறக்கல" என்றேன்.

"பின்னே? வெள்ளைக்காரன் இருக்கும்போதே வந்துட்டியா?" என்று சிரித்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். விடிஞ்சா சனி என்று அத்தை சொன்னதை, பள்ளிக்கூடத்தில் தேதி மாறியதை, சோசியரை. ஆயில்யம் என்ற சொல்லைக் கடைசியில் சொன்னேன். அவள் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று நான் கவனிக்கவில்லை. பேசுகிற வேகத்தில் இருந்தேன். உங்க அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். மகனுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவன்கிட்டச் சொல்லாதே என்றாள். பிறகு என் கிண்ணத்தைப் பார்த்து, ஆறிப்போகும், குடி என்றாள். முழுவதையும் குடித்தேன். அப்படி ஒரு ருசியை அதற்குப் பிறகு எங்கேயும் நான் சாப்பிட்டதில்லை.

மறுநாள் அமாவாசை. என் கணவர் விடியற்காலையில் அருவிக்குப் போய் முழுகி, அவருடைய அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்தார். தென்காசியில் அன்றைக்கு என்னைப் பெற்றவளுக்குத் திவசம். மாமியார் வாழைக்காயும் புடலங்காயும் நறுக்கி, படையல் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்து, வந்தவர்களோடு வழக்கம்போலச் சண்டையும் சிரிப்புமாக இருந்தாள். என்னை இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நான் அன்றைக்கு மிதந்துகொண்டிருந்தேன். சுதந்திரப் பிள்ளையும் இல்லை, தாயை முழுங்கியவளும் இல்லை. பெயர் ஒன்றும் ஒட்டாத வெறும் ஆளாக அந்த வீட்டில் நடமாடினேன். நான் முழு மனதோடு சந்தோஷமாக இருந்த நாள் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். பாவம் போல இருக்கிறது, அன்றைக்கு அம்மாவின் திவசம்.

அதற்கு மறுநாள் கூட்டம் கலைந்தது. அறைகளைக் கழுவிவிட்டு நான் உள்ளே வந்தபோது மாமியார் ஒரு பையில் புடவைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். ஆலங்குளத்தில் மகளுக்கு உடம்பு சரியில்லை, போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று என் கணவரிடம் சொன்னாள். சீசன் நடுவில் அவள் வீட்டை விட்டுக் கிளம்பி யாரும் பார்த்ததில்லை. பஸ் ஏற்றிவிட நான் தென்காசி வரைக்கும் போனேன். ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலி போகிற பஸ் வர நேரமிருந்தது. ஸ்டாண்டில் ஓரமாக நின்றோம். அவள் என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"எனக்குக் கோவம் ஒண்ணும் இல்லட்டி. நீ சொல்லாம இருந்திருந்தா நான் பாட்டுக்கு அங்கனயே கெடந்திருப்பேன். சொல்லிட்டே. இனி எனக்கு ஒரு தும்மல் வந்தாலும் உன் மொகத்தத்தான் பாப்பேன். அது உனக்கும் நல்லால்ல, எனக்கும் நல்லால்ல. எனக்குப் பயமா இருக்கு."

நீங்கதான் ராகுகாலம்கூடப் பாக்கமாட்டீங்களே என்றேன்.

"அது வாடகைக்கு. இது உசுரு" என்றாள்.

பஸ் வந்ததும் ஏறிக்கொண்டாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வீட்டுக் காரியங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். மூன்றாவது அறைத் தாழ்ப்பாளைச் சரிபண்ணச் சொன்னாள், விரிப்புகளைச் சலவைக்காரரிடம் எண்ணிப் போடச் சொன்னாள், என் கணவருக்குக் காலையில் காபிக்கு முன்னால் ஒன்றும் கொடுக்காதே என்றாள். பஸ் நகர்கிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

அவள் திரும்பி வந்து தங்கவில்லை. கொஞ்ச நாள் என்றது மாதமாகி, மாதம் வருஷமாயிற்று. என் கணவருக்குக் காரணம் விளங்கவில்லை. உனக்கும் அம்மாவுக்கும் என்ன தகராறு என்று என்னைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார். மாமியாரைத் துரத்திய மருமகள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். இந்தக் காலத்துப் பொண்ணுகளுக்குச் சுதந்திரம் கூடிப்போச்சு என்று எதிர்வீட்டுக்காரி என் காதுபடவே சொன்னாள். அந்த வருஷ சீசனின் மிச்சத்தையும் அடுத்த வருஷச் சீசனையும் தனியாக நடத்தினேன். ஈரம் காயாத விரிப்புகளைக் கரியடுப்பின் மேல் கூடையைக் கவிழ்த்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அம்மா என்று கூப்பிட அந்த வீட்டில் ஆள் இல்லை.

அடுத்த கார்த்திகையில் தென்காசியில் எனக்கு ஆண்பிள்ளை பிறந்தான். பிரசவத்தில் நான் பிழைத்துக்கொண்டேன். அத்தை அதை நம்பமுடியாதவள் போல என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று மாதம் கழித்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குற்றாலம் வந்தேன். வந்த ஒரு வாரத்தில், ஒருநாள் காலையில், வாசலில் யாரோ கூப்பிடும் குரல் கேட்டது. மாமியார் ரோட்டில் குடையோடு நின்றுகொண்டிருந்தாள். முகம் தெளிந்து, கொஞ்சம் சதை போட்டு, நன்றாக இருந்தாள். ஆலங்குளம் அவளுக்கு ஒத்துக்கொண்டிருந்தது.

பிள்ளையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடையை என் கையில் கொடுத்துவிட்டு அவனை வாங்கிக்கொண்டாள். காதைப் பார், தாத்தா காது என்றாள். அவன் அவள் கழுத்தில் கிடந்த சங்கிலியைப் பிடித்து இழுத்தான். அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குள் சாரல் மாதிரி லேசாகத் தூற ஆரம்பித்தது. உள்ளேயிருந்து என் கணவர், அம்மாவை ஏன் ரோட்டில் நிறுத்தி வைத்திருக்கிறாய், உள்ளே கூட்டிக்கொண்டு வா என்று சத்தம் போட்டார். மாமியாரின் கால் ஒரு எட்டு முன்னால் வந்தது. பிள்ளையை வைத்திருந்த வேகத்தில் அவள் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். நான் ஒரு வார்த்தை வாங்க என்று சொல்லியிருந்தால் வந்திருப்பாள்.

நான் சொல்லவில்லை. குடையை அவள் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, வாசலுக்கு நேராக நகர்ந்து நின்றுகொண்டேன். அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.